மகாபலிபுரம் டூரும் அம்மாவின் லீவும்

சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் சனி, ஞாயிறு மகாபலிபுரம் போய்வருவது என்று முடிவெடுத்தால் முதலில் நடப்பது என்ன? அப்பா ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுவார். பெட்ரோல் இவ்வளவு, டோல் இவ்வளவு, ரூம் வாடகை இவ்வளவு, தொல்லியல் துறை டிக்கெட் ஆளுக்கு 40 ரூபாய் (15 வயதுக்குக் கீழே இலவசம், அது மறக்காமல் கழிக்கப்படும்). பையன் மொபைலில் இடங்களை அடுக்குவான். புலிக்குகை, முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை... கூட்டிப் பார்த்தால் பட்ஜெட் கொஞ்சம் இடிக்கும். உடனே யாராவது ஒருவர் அந்த மந்திரத்தைச் சொல்வார்: "சாப்பாட்டை வீட்லேருந்தே கட்டி எடுத்துட்டுப் போயிடலாம். வெளியில காசும் வேஸ்ட், வயித்துக்கும் ஆகாது."

அவ்வளவுதான். பட்ஜெட் நேராகிவிட்டது. எல்லோருக்கும் திருப்தி!

உண்மையில் அங்கே எந்தச் செலவும் குறையவில்லை. அப்பாவின் பர்ஸிலிருந்து அம்மாவின் தூக்கத்துக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. காமர்ஸ் படிக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு செலவைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டால் அது லாபம் ஆகாது, தப்புக் கணக்குதான் ஆகும். கம்பெனி செய்தால் ஆடிட்டர் கேட்பார். குடும்பம் செய்தால் அதற்கு 'சிக்கனம்' என்று பெயர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. மறுநாள் மதியத்துக்குள் புளித்துவிடாமல் இருக்கத் தயிர்சாதத்தில் பாலை அதிகமாக விட்டுத் தயிரைக் குறைத்துப் பிசைய வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, ஃபிளாஸ்கில் காபி, பேப்பர் பிளேட், பழைய செய்தித்தாள், பாட்டியின் பிரஷர் மாத்திரை, சின்னவளுக்கு வண்டியில் வாந்தி வந்தால் ஒரு பாலிதீன் பை, எல்லோருக்கும் இரண்டு செட் துணி, துண்டு. பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்லிவைக்கணும், காஸை மூடணும், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கணும். இதெல்லாம் அந்தப் பேப்பரில் எங்கே இருக்கிறது? மற்றவர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து "இன்னும் ரெடி ஆகலையா?" என்று கேட்பார்கள். அவர் மூன்றரைக்கே எழுந்திருப்பார்.

ரூம் பிடிப்பதிலும் ஒரு கூத்து உண்டு. 'கிச்சன் வசதியுடன்' என்று போட்டிருந்தால் வீடே குதூகலிக்கும். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பயணம் செய்து, வாடகை கொடுத்து, வேறொரு அடுப்பின் முன்னால் போய் நிற்பதற்கு எதற்கு ஊர் மாற வேண்டும்?

"அம்மாவுக்குச் சமைக்கப் பிடிக்கும்" என்பது வழக்கமாக வரும் பதில். பிடிக்கலாம். அப்பாவுக்கும் ஆபீஸ் வேலை பிடிக்கலாம், அதற்காக அவர் ஃபைல்களை மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வருவதில்லையே. லீவு என்றால் வேலையை விட்டு விலகியிருப்பது என்று மற்ற எல்லோர் விஷயத்திலும் புரிகிறது.

பொருளாதாரத்திலேயே இந்தக் குருட்டுப் புள்ளி பழையது. தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணை ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ 1920-ல் வந்த தன் புத்தகத்தில் சுட்டிக் காட்டினார். அதே வேலை, அதே கை, சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. நம் நாட்டுக் கணக்கையும் பார்க்கலாம். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அப்படி வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் அம்மாவுக்குப் பத்து நிமிஷம் மிச்சம், அப்பாவுக்கு ஒன்பது நிமிஷம் மிச்சம். என்னே முன்னேற்றம்!

தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, மகளிர் உரிமைத்தொகை என்றுதான் வைத்தது. அந்தத் தொகை போதுமா, எல்லோருக்கும் கிடைத்ததா என்று ஆயிரம் சண்டை போடலாம். ஆனால் 'உரிமை' என்ற வார்த்தை அரசாங்கத்துக்கே தோன்றிவிட்டது. வீட்டுப் பேப்பரில் இன்னும் ஏறவில்லை.

தேதி குறிப்பதைப் பற்றியும் பேச வேண்டும். பேசக் கூச்சப்படுகிற விஷயம் என்பதால்தான் பேச வேண்டும். சனிக்கிழமை யாருக்கு லீவு, யாருக்கு டியூஷன், என்றைக்கு மேட்ச் என்றெல்லாம் பார்த்துத் தேதி வைப்பார்கள். அம்மாவிடம் கேட்பதில்லை. மகாபலிபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது, 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பாட்டி சேவிக்காமல் திரும்ப மாட்டார். தேதி இடித்தால் என்ன வழி? மெடிக்கல் ஷாப்பில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விழுங்கக்கூடாத ஹார்மோன் மாத்திரை அது. டூரை ஒரு வாரம் தள்ளிப்போட முடியாத வீட்டில் ஒரு பெண்ணின் உடம்பைத் தள்ளிப்போட முடிகிறது.

வழியில் அவர் தண்ணீர் குடிப்பதும் இல்லை. கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று தெரியாது. மே மாத வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாக்கை நனைத்துக்கொண்டு மட்டும் வரும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வண்டியிலும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பத்து இடம் எழுதுகிறவர், நல்ல கழிப்பறை உள்ள இரண்டு இடத்தை எழுதினால் குறைந்தா போய்விடுவார்? கோவளம் கடற்கரையும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கின. அந்தச் சான்றுக்குத் தண்ணீர் சுத்தம் மட்டும் போதாது, கழிப்பறையும் வேண்டும். கோவளம் மகாபலிபுரம் போகிற வழியில்தான் இருக்கிறது. ஆனால் 'செல்ஃபி எடுக்க என்ன இருக்கு?' என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மகிஷாசுரமர்த்தினி குகையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் ஏறி துர்க்கை சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். நேர் எதிர்ச் சுவரில் விஷ்ணு பாம்பின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பல்லவர் காலச் சிற்பி இதை மனதில் வைத்துச் செய்யவில்லை என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் அப்பாவையும், பக்கத்தில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவையும் பார்த்துவிட்டு அந்தக் குகைக்குள் போனால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

"எங்களால் ஹோட்டலில் நாலு வேளை சாப்பிட முடியாதுங்க" என்பது மட்டும் நியாயமான வாதம். கடற்கரை ஊரில் சனி, ஞாயிறு விலை தெரிந்ததுதான். பணம் இல்லை என்றால் ஒரு ராத்திரி தங்குவதை விட்டுவிடலாம், பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்பலாம், இடங்களில் பாதியைக் குறைக்கலாம். கட்டுச்சோறுதான் வேண்டும் என்றால் வெள்ளி ராத்திரி பையனும் வெங்காயம் உரிக்கலாம், அப்பாவும் பாத்திரம் தேய்க்கலாம். குறைப்பதற்கு இத்தனை இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளின் லீவையே வெட்டுவது பணமில்லாமையால் அல்ல, பழக்கத்தால்.

சாயங்காலம் எல்லோரும் கடலில் கால் நனைக்க ஓடுவார்கள். அம்மா மணலில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் ஐந்து ஜோடி செருப்பு, மூன்று பை, நாலு மொபைல். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்." யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. இழுப்பு அதிகமான கடல்தான் அது, கணுக்காலுக்கு மேல் போகவும் கூடாது. அந்தக் கணுக்கால் தண்ணீருக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது? செருப்புக் காவலுக்கு முறை போடுவதில் என்ன கஷ்டம்? அரை மணி அப்பா, அரை மணி பையன். அம்மாவின் புடவை நனைந்தால், ஞாயிறு ராத்திரி வீடு திரும்பி அந்த மண்ணை அலசிப் பிழிவது யார் என்பதையும், பெட்ரோலுக்குக் கீழே, டோலுக்கு மேலே, அதே பேப்பரில் எழுதிவிடலாம்.