வந்தவர்கள் ஏன் போனார்கள்?

ஜூலை பிறந்தால் ரோட்டரி, அரிமா சங்கங்களில் பதவியேற்பு விழாக்கள் களைகட்டும். புதிய தலைவரின் கழுத்தில் பதவிச் சங்கிலி ஏறும். மேசை மணி அடித்துக் கூட்டம் தொடங்கும். பொன்னாடை போர்த்தியே அரை மணி நேரம் போகும். தேனி, போடிநாயக்கனூர், கம்பம் என்று எந்த ஊர் மேடையானாலும் வாழ்த்துரைகளுக்கு நடுவே ஒரு புலம்பல் தவறாமல் வரும்: "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்லை. நேரமும் இல்லை. சங்கத்தில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் இந்தப் பேச்சிலும் இதையொட்டி வரும் சமாதானங்களிலும் உள்ள எந்த வாதமும் முழுதாக நிற்காது.

முதலில் இளைஞர்கள் மீதான பழி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் படகும் சோற்றுப் பொட்டலமுமாக இறங்கியவர்களில் பலர் எந்தச் சங்கத்திலும் இல்லாத இளைஞர்கள். போடிக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த விபத்தில், காயம்பட்டவர்களை இருட்டில் சுமந்து கீழே இறக்கியதில் உள்ளூர்க்காரர்களின் பங்கு பெரியது. அவர்களை யாரும் அழைப்பிதழ் வைத்துக் கூப்பிடவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் போட்டு, வெயிலில் நின்று பரிமாறுகிறவர்களும் இளவட்டங்கள்தான். உழைக்கத் தயங்காத இவர்கள் சங்கத்துக்கு மட்டும் வராமல் இருக்கிறார்கள் என்றால், கேள்வி கேட்க வேண்டியது சங்கத்தைப் பார்த்து.

அடுத்தது, புது ஆட்களைச் சேர்த்தால் தீரும் என்ற நம்பிக்கை. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியின் உலக உறுப்பினர் எண்ணிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 12 லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2021-22இல் உலகத் தலைவராக இருந்த கொல்கத்தாவின் சேகர் மேத்தா, ஆளுக்கு ஒருவரைச் சேர்த்து அதை 13 லட்சமாக்குவோம் என்று ஓர் இயக்கமே நடத்தினார். எண்ணிக்கை இன்னும் 12 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்ந்தும் எண்ணிக்கை நகரவில்லை என்றால், ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றே பொருள். சேர்க்கைப் பட்டியலுக்குக் கைதட்டுகிற மேடையில் விலகல் பட்டியலை யாராவது வாசித்ததுண்டா?

சந்தா அதிகம், அதனால்தான் நடுத்தரக் குடும்பத்தார் வருவதில்லை என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ரோட்டரியில் உலக அமைப்புக்குச் செலுத்துவதே தலைக்கு ஆண்டுக்கு எழுபது டாலருக்கு மேல். அதற்கு மேல் மாவட்டச் சந்தா, சங்கச் சந்தா, விருந்துச் செலவு எல்லாம் உண்டு. ஆனாலும் ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரித்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கூடக் கொடுத்துவிடுகிறார். அந்தக் காசு பந்தலாகவும் சாப்பாடாகவும் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறார். சங்கத்தில் கொடுத்த காசு நினைவுப் பரிசாகவும் பிளக்ஸ் பேனராகவும் மாறுவதைப் பார்க்கிறவர், அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்காமல் இருப்பதில் என்ன வியப்பு?

அடிக்கடி கூட்டம் வைப்பதால்தான் ஆட்கள் ஓடுகிறார்கள் என்பாரும் உண்டு. வாரக் கூட்டம் என்ற பழைய விதியை ரோட்டரியே 2016இல் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை. கூட்டத்தின் எண்ணிக்கை யாரையும் விரட்டுவதில்லை என்பதற்கு மதுரைச் சீமையிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1990இல் மதுரையில் தொடங்கிய களஞ்சியம் இயக்கமும், அரசின் மகளிர் திட்டத்தில் வளர்ந்த சுய உதவிக் குழுக்களும் கூட்டத்தின் மேலேயே நிற்பவை. இருபது பேருக்கு மிகாத பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பை எண்ணி, கடன் கேட்டவரின் தேவையைப் பேசி, பேரேட்டில் எழுதி எழுந்திருக்கிறார்கள். வராதவருக்கு அபராதம் போடுகிற குழுக்களும் உண்டு. காலையிலிருந்து உழைத்துவிட்டு வருகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் இதில் நிலைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் குரலுக்காகவும் ஒரு முடிவு காத்திருக்கிறது. விருந்தினர் உரையை எட்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவதற்கு யார் எத்தனை மாதம் வருவார்கள்?

சின்ன ஊரில் தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்பது இன்னொரு சமாதானம். தகுதி என்பதை ஏலக்காய் வியாபாரி, மருத்துவர், வழக்கறிஞர், கடை முதலாளி என்று குறுக்கிக்கொண்டால் கிடைக்காதுதான். அரிமா சங்கம் 1987இலும் ரோட்டரி 1989இலும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. ஆனால் போடியில் குடோன்களில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கிற பெண்ணிடமோ, சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்து ஆசிரியையிடமோ சங்கத்தில் சேருங்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? விடிவதற்குள் ஜீப்பேறி போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறவர் இரவு எட்டு மணி ஓட்டல் கூட்டத்துக்கு வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை இருக்கிறது என்றால் வரக்கூடும்.

அப்படி ஒரு வேலை பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியிலும் கிளை திறந்தது. அதன் கிராம முகாம்கள் பெரும்பாலும் அரிமா, ரோட்டரி போன்ற அமைப்புகளோடு சேர்ந்தே நடக்கின்றன. மருத்துவர், செவிலியர், கருவிகள் மருத்துவமனைப் பொறுப்பு. இடம், விளம்பரம், முகாம் ஏற்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவில் பார்வை அட்டை மாட்டி, பெயர் பதிந்து, வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். கண்புரை முற்றியவர்கள் அன்றைக்கே பேருந்தில் மருத்துவமனைக்குப் போய், இலவச அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்புவார்கள். பிறகு மறுபரிசோதனைக்கும் அவர்களைக் கூட்டி வர வேண்டும்.

இதில் மிகக் கடினமான வேலை முகாமுக்கு முந்தைய வாரம் நடப்பது. ஊருக்குள்ளேயே முகாம் வைத்தாலும் வராமல் இருந்துவிடும் முதியவர்கள் பலர். "ஊசி போடுவாங்களா?", "ஆடு மாட்டை யார் பாக்குறது?", "துணைக்கு ஆள் இல்லையே" என்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, பேருந்தில் துணைக்கும் போகிற உறுப்பினர்தான் ஒரு பாட்டிக்குப் பார்வையை மீட்டுக் கொடுக்கிறார். கட்டு அவிழ்த்த பிறகு அந்தப் பாட்டி பேரனின் முகத்தை உற்றுப் பார்ப்பதை ஒருமுறை அருகிலிருந்து கண்டவரைச் சங்கத்தில் நிறுத்தி வைக்க வேறு உபாயம் தேவையில்லை. முகாம் திறப்பு விழாப் படத்துக்கு மட்டும் நின்றவர் அடுத்த ஜூலையில் காணாமல் போவார்.

நீண்ட வேலை ஆட்களைக் கட்டி வைக்கும் என்பதற்கு ரோட்டரியே சாட்சி. 1985இல் போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்தது. இந்தியாவில் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பிராந்தியமே போலியோ இல்லாத பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் சொட்டு மருந்து முகாம்களில் நின்றவர்களில் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்களும் உண்டு.

இந்த ஜூலையில் பொறுப்பேற்கும் தலைவர்கள் புதிய உறுப்பினர் படிவத்தை எடுப்பதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் விலகியவர்களின் பட்டியலை எடுக்கட்டும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், ஏன் போனீர்கள் என்று கேட்கட்டும். குறுக்கே பேசாமல் பதிலைக் கேட்டுவிட்டு, அடுத்த கண் முகாமில் ஒரு தெருவை அவர் பொறுப்பில் விடட்டும்.