பறவையா, பட்டாளமா?

'நாட்டைக் காக்கிற ராணுவம் முக்கியமா, ஒரு மரங்கொத்தி முக்கியமா?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். கேள்வியே போங்கு.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் என்று ஒரு பிரம்மாண்ட ராணுவ முகாம். பாரசூட் படைக்குப் பேர்போனது. அங்கே உள்ள பைன் காட்டில்தான் ரெட் காக்கேடட் என்கிற மரங்கொத்தி குடியிருக்கிறது. பட்ட மரம் அதற்கு ஆகாது. வயசான, உயிருள்ள பைன் மரத்தில்தான் பொந்து போடும். ஒரு பொந்து முடிய வருஷக்கணக்கில் ஆகும். 1970-லேயே அழியும் உயிர்கள் பட்டியலில் ஏறிவிட்ட பறவை.

'உங்கள் பயிற்சியால் இந்தப் பறவைக்கு ஆபத்து' என்று 1990-ல் மத்திய வனவிலங்குத் துறை ராணுவத்திடம் கறாராகச் சொன்னது. பொந்து மரத்தைச் சுற்றி 200 அடிக்குள் டேரா போடுவது, குழி வெட்டுவது எல்லாம் கட். 'பறவைக்குப் பயந்து பயிற்சியா?' என்ற புலம்பல் அப்போது ஆரம்பித்ததுதான்.

உண்மையில் அந்தக் காட்டுக்கு எமன் யார்? அது தீயை நம்பி வாழும் காடு. அடிக்கடி தீ வந்து புதரைத் தின்றால்தான் பைன் கன்று தலைதூக்கும். வெளியே மரத்தை வெட்டினார்கள், தீயை அணைத்தார்கள், வீடு கட்டினார்கள், கோல்ஃப் மைதானம் போட்டார்கள். தென் மாநிலங்களில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த காட்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் மிஞ்சியது. குண்டு விழுந்து தீப்பிடிக்கிற ராணுவ நிலத்தில் காடு தப்பித்தது! (இதைச் சொன்னால் இரண்டு தரப்புக்கும் கோபம் வரும்.)

ராணுவமும் கணக்குப் போட்டது. வெளியே காடு போனால் மிச்சப் பறவைகளின் பாரம் மொத்தமும் முகாம் தலையில். ஆகவே 1995 முதல், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடு சேர்ந்து சுற்றியுள்ள தனியார் நிலங்களைக் காப்பாற்ற ஆரம்பித்தது. காட்டுக்குள் திட்டமிட்டுத் தீ வைத்தது. 2006-ல் பறவைகள் இலக்கை எட்டின. கெடுபிடியும் தளர்ந்தது. பி.காம். படித்த எனக்கு, கடன் பத்தியில் இருந்த பறவை சொத்துப் பத்திக்கு மாறியதாகத்தான் தெரிகிறது.

ஆனால் 2003-ல் என்ன செய்தார்கள்? ராணுவம் தன் நிலத்துக்கு ஒரு பராமரிப்புத் திட்டம் வைத்திருந்து, அதனால் அந்த உயிரினத்துக்குப் பலன் உண்டு என்று அமைச்சர் ஒப்புக்கொண்டால் போதும். அந்த நிலத்தை முக்கிய வாழிடமாக அறிவிக்க வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். மற்ற விதிகள் இருக்கின்றன, சரி. 'அதான் ராணுவமே நல்லா பாத்துக்குதே' என்பதுதான் வாதம். ஏன் நல்லா பாத்துக்கிட்டாங்க? 1990-ல் ஒரு துறை 'கூடாது' என்று சொன்னதால்.

2024-ல் அந்த மரங்கொத்தியின் ஆபத்து ஒரு படி குறைந்ததாக அறிவித்தார்கள். ராணுவத்துக்குப் பாராட்டு விழா நடத்துங்கள், தப்பில்லை. மேடையில் அந்தத் துறைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.