அனலைதீவு எங்க வரவேணும்?

அராலி, அளவெட்டி, அனலைதீவு. அகராதி முறையில இதுதான் வரிசை. யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அனலைதீவு முதலாவதா வந்து நிக்கும். அங்க ‘ன’ இருக்கிறது ‘ந’வுக்குப் பக்கத்தில.

டெஸ்க்டொப் மென்பொருள் எழுதிற பெடியள், லினக்ஸின்ர வழமையான சி லைப்ரரியான ஜிலிப்சியை விட்டிட்டு ‘மசில்’ எடுக்கச் சொல்லுறாங்கள். சின்னது, ஒரே கோப்பாக் கட்டிக் குடுக்கலாம். உண்மைதான். ஆனா அது சொற்களை அடுக்கேக்க மொழியைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். ஜிலிப்சியில இலங்கைத் தமிழுக்கெண்டே தனி அமைப்பு இருக்கு.

நான் கலைப்பீடம், எனக்கு வேகம் பெரிசில்லை. வாசிகசாலைப் பட்டியலில ஒரு பேர் இடம்மாறி நிண்டால், தேடுற ஆள் புத்தகம் இல்லையெண்டு திரும்பிப் போயிடும். மசில்தான் வேணுமெண்டா, தமிழ் வரிசை தெரிஞ்ச ஐசியூவையும் சேர்த்துக் கட்டுங்கோ. கோப்பு பெருக்கும். பெருக்கட்டும்.