தவணையில் போகலாமா நம் லட்சியம்?



ஃபைனல் இயர் வந்துவிட்டால் நம் மரத்தடியில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வரும். "மச்சான், வேலை கிடைச்சா மொதல்ல என்னடா வாங்குவ?" ஒருவன் பைக் என்பான். ஒருவன் இருக்கிற போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது போன் என்பான். ஒருவன் அக்கா கல்யாணத்துக்கு ஃப்ரிட்ஜ் என்பான். மூன்று வருஷத்தில் ஒருவன்கூட "வேலை கிடைச்சா என்னடா ஆவ?" என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வாங்குவதைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், ஆவதைப் பற்றிப் பேசவே இல்லை!

நுகர்வுக் கலாச்சாரம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது எங்கோ அமெரிக்காவில் இருக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அது சோழவந்தான் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது என்பது எங்கள் ஊர் அண்ணன் ஒருவரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அந்த அண்ணன் நல்ல மார்க்கில் டிப்ளமோ முடித்தவர். "ஒரு வருஷம் வேலை பாத்து காசு சேத்துட்டு, லேட்டரல் என்ட்ரியில பி.இ. சேர்ந்துருவேன்டா தம்பி" என்பார். வேலையும் கிடைத்தது. மாதம் 13,500 ரூபாய். இரண்டாவது மாதமே பைக். முன்பணம் 20,000, அப்புறம் மாதம் 3,400 வீதம் 36 மாதம். ரொக்கமாக வாங்கினால் 1,10,000 ரூபாய் வண்டி, தவணை முடியும்போது 1,42,400 ரூபாய் ஆகிறது. கால்குலேட்டர் இல்லாமலே நமக்கு இந்தக் கணக்கு வரும். ஆனால் ஷோரூமில் மாலை போட்டு போட்டோ எடுக்கும்போது யாருக்கும் வருவதில்லை.

ஒரு வருஷம் போனது. பி.இ. கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போடும் நேரம். கையில் சேமிப்பு இல்லை. பாக்கி 24 தவணை இருந்தது. வேலையை விட்டால் வண்டி போய்விடும். விண்ணப்பமே போடவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் வீட்டுக்குப் பெரிய டி.வி. வந்தது, அதுவும் தவணையில். இப்போது நாலாவது வருஷம். அதே கம்பெனி, அதே ஷிஃப்ட். அவருக்குப் பிறகு வந்த பி.இ. பையன் இப்போது அவருக்கு இன்சார்ஜ். போன பொங்கலுக்குப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வண்டிய நான் ஓட்டலடா. வண்டிதான் என்னைய ஓட்டுது." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானே செகண்ட் இயரில் அப்பாவை அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட வைத்து தவணையில் போன் வாங்கியவன். என் அப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று முகூர்த்த நாளெல்லாம் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போனேன். ராத்திரி முழுக்க வேலை. காலையில் எஸ்.ஓ.எம். பரீட்சை. வினாத்தாளைப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. அரியர் விழுந்தது. அரியர் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று சொன்ன முதல் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது தனிக்கதை! அன்றைக்கு அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது: "ஏண்டா, ஊரான் கண்ணுக்குக் காட்டுறதுக்கு நாம எதுக்குடா வட்டி கட்டணும்?"

இந்தக் கேள்விக்கு எந்த லேப் ரெக்கார்டிலும் பதில் இல்லை.

"நம்மகிட்ட என்னடா இருக்கு, குறைச்சுக்கறதுக்கு? எளிமையெல்லாம் பணக்காரனுக்குத்தான்" என்று நண்பர்கள் கேட்பது நியாயம்தான். பழைய செருப்போடு வகுப்புக்கு வருகிறவனிடம் எளிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் அவனுக்குக் கோபம்தான் வரும். ஆனால் இதே கேள்வியை நம் மதுரைக்கு வரும் வழியில் ஒரு மனிதர் நூறு வருஷத்துக்கு முன்பே எதிர்கொண்டார்.

1921 செப்டம்பர் மாதம். அந்நியத் துணி பகிஷ்காரம் நடந்துகொண்டிருந்த நேரம். காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் கட்டச் சொன்னார். "நாங்க ஏழைங்க, கதர் விலை அதிகம், வாங்க முடியாது" என்று தலையாட்டிவிட்டார்கள். இந்தப் பதிலில் இருந்த உண்மை அவரைச் சுட்டது. மேல்சட்டை, தொப்பி, நீண்ட வேட்டி என்று தானே முழு உடையில் இருந்துகொண்டு ஏழையிடம் எதை வாங்கச் சொல்வது? மேல மாசி வீதியில் 251-ஆம் எண் வீட்டு மாடியில் அன்றிரவு தங்கினார். செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் வெளியே வந்தபோது இடுப்பில் ஒரு துண்டு வேட்டி மட்டும்தான். அந்த உடையில் அவர் மக்கள் முன் நின்ற இடத்தைத்தான் இன்றைக்கும் காந்தி பொட்டல் என்கிறோம். தினமும் டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போகிற நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. ஆயுசு முழுக்க இப்படித்தான் என்று அவர் எடுத்த எடுப்பிலேயே சபதம் போடவில்லை. அக்டோபர் 31 வரைக்கும் இருந்து பார்ப்பதாகத்தான் முதலில் அறிவித்தார். ஐந்து, ஆறு வாரம்! அந்தச் சோதனை முயற்சிதான் 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாடு வரை போய், 1948 வரை நீடித்தது. தமுக்கத்தில் இருக்கிற காந்தி அருங்காட்சியகத்தில், ரத்தக்கறை படிந்த அவருடைய கடைசி ஆடையையும் பார்க்கலாம். நாமும் ஆயுசுக்கு வேண்டாம், ஒரு செமஸ்டருக்கு முயன்று பார்க்கலாமே!

இன்னொன்றும் கவனியுங்கள். காந்தி உடையைக் குறைத்தது உடைக்காக அல்ல. கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. அந்த வேலைக்கு எது இடைஞ்சலோ அதைக் கழற்றி வைத்தார். லட்சியம் இல்லாத எளிமை வெறும் கஞ்சத்தனம். லட்சியம் இருந்துவிட்டால் எளிமை தானாக வரும். யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம்.

இதற்கும் மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அண்ணா நகர்ப் பக்கம் போனால் அரவிந்த் கண் மருத்துவமனை. அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். பிரசவ வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டார். முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, கண் மருத்துவராகி, லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார். 1976-ல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு. நம்மவர்கள் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்கள்? வீடு கட்டுவார்கள். அவர் தம்பி தங்கைகளோடு சேர்ந்து, இருந்த வீட்டை அடகு வைத்து 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். தன் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் பென்ஷனில் காலம் கழித்தார். 2006-ல் மறைந்தார்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலை. அதை நம் ஊரிலேயே செய்யலாம் என்று 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அவரும் கடன் வாங்கினார், அண்ணனும் கடன் வாங்கினார். ஒன்று ஆயிரக்கணக்கான பேருக்குப் பார்வை கொடுத்தது. இன்னொன்று ஒருவரின் கண்ணை மறைத்தது. கடன் தப்பு இல்லை, நண்பர்களே. எதற்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

திருமங்கலம் தாண்டி தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பாவையும் சொல்ல வேண்டும். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பின் கோட்டு சூட்டை விட்டு, கிராமப் பொருளாதாரத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். நிலைத்திருக்கும் பொருளாதாரம் எது என்று அவர் விளக்கியதை நம் பாஷையில் சொன்னால், நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணீர். எடுக்க எடுக்கக் குறையும். ஆறும் காற்றும் ஓடி வருகிற தண்ணீர்; அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். இதைப் படித்தபோது எனக்கு நம் தவணைதான் ஞாபகம் வந்தது. தவணை என்பது இன்னும் நிரம்பாத தொட்டியில், அடுத்த மூன்று வருஷத்துத் தண்ணீரை இன்றைக்கே இறைத்துவிடுவது அல்லவா?

சிவில் நண்பர்கள் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கோரிப்பாளையத்திலிருந்து வைகையைத் தாண்டும் ஏ.வி. பாலத்தைக் காட்டி, "1889-ல கட்டினது. ஒரு பாலம் பஸ்ஸத் தாங்குறதுக்கு முன்னாடி தன் சொந்த எடையத் தாங்கணும்டா. அது டெட் லோடு. பஸ்ஸும் ஜனமும் லைவ் லோடு" என்றார்கள். டெட் லோடு அதிகமாக அதிகமாக, பாலத்தின் பலமெல்லாம் தன்னைத் தாங்குவதற்கே சரியாகிவிடும். நம் வாழ்க்கைக்கும் இதுதான் டிசைன். மாதத் தவணை, பந்தாவுக்கு வாங்கிய சட்டை, அடுத்தவன் வைத்திருக்கிறானே என்று வாங்கிய கைக்கடிகாரம் எல்லாம் டெட் லோடு. அப்பா அம்மாவைக் காப்பாற்றுவது, மேலே படிப்பது, சொந்தமாக ஒரு லேத் போடுவது, ஜே.இ. தேர்வு எழுதுவது இவையெல்லாம் லைவ் லோடு. பாலம் கட்டியது எதற்காக?

ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் வராத கிராமத்திலிருந்து கப்பலூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறவனுக்கு பைக் ஆடம்பரம் அல்ல, அது ஒரு டூல். படிப்பதற்கு போனும் டூல்தான். அவர்களைக் கேலி செய்ய இந்தக் கட்டுரை இல்லை. வேலைக்கு உதவினால் அது டூல். பார்க்கிறவன் கண்ணுக்காக என்றால் அது ஷோ. இந்தப் பாகுபாட்டைக் கடைக்காரர் செய்ய மாட்டார், விளம்பரத்தில் வரும் நடிகர் செய்ய மாட்டார். நாம்தான் செய்ய வேண்டும்.

வெறும் பேச்சோடு நிற்காமல் சில யோசனைகள்:

1. எதையும் வாங்கும் முன் ஒரு மாதம் தள்ளிப் போடுவோம். ஒரு மாதம் கழித்தும் தேவைப்பட்டால் அது தேவை. மறந்து போனால் அது ஆசை.

2. தவணைச் சீட்டில் மாதத் தொகையைப் பார்க்காமல் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்போம். மூன்று வருஷம் கணக்குப் படித்துவிட்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

3. டிராஃப்டர், லேப் கோட், புத்தகம் எல்லாம் வருஷா வருஷம் பரணில் தூங்குகின்றன. ஃபைனல் இயர் முடிப்பவர்கள் அவற்றைப் பேரவை அறையில் ஒப்படைத்தால், ஜூனியர் தம்பி தங்கைகள் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஓர் அலமாரி போதும். முதல் டிராஃப்டராக என்னுடையதை வைக்கிறேன்.

4. இது நம் பேரவைக்கே. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபேர்வெல்லுக்கு எல்லாரும் ஒரே கலர் சட்டை என்று தீர்மானம் போடுகிறோம். அந்தச் சட்டைக்காக யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று யோசித்து, கடைசியில் ஃபேர்வெல்லுக்கே வராமல் இருந்தவன் நம் வகுப்பில் உண்டு. ஒரே கலர் சட்டை போட்டால் ஒற்றுமை வரும் என்று நினைத்தோம். அது ஒருவனை வெளியே நிறுத்திவிட்டது. இந்த வருஷம் அவரவர் சட்டையில் வருவோம்.

அந்த அரியரை நான் அடுத்த செமஸ்டரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். உடைந்த கண்ணாடி போன் இன்னமும் வேலை செய்கிறது, மாற்றப் போவதில்லை. மண்டப வேலைக்கு இப்போதும் போகிறேன். ஆனால் அந்தக் காசு தபால் ஆபீஸ் கணக்குக்குப் போகிறது, லேட்டரல் என்ட்ரி ஃபீஸுக்காக. எங்கள் ஊர் அண்ணனுக்கும் இன்னும் ஒன்பது தவணைதான் பாக்கி. "அது முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்தே விண்ணப்பம் போடுவோம்ணே" என்று சொல்லியிருக்கிறேன். "பாப்போம்டா" என்றார். முன்பு போல் சிரிக்காமல் சொன்னார். அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு மரத்தடியில் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "மச்சான், வேலை கிடைச்சா என்னடா ஆவ?"

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்