ஞாயிறு மாலைக் குப்பை

பூங்காவில் குப்பை சிதறிக் கிடந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது, "இன்னும் நாலு தொட்டி வைத்தால் என்ன?" எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல இடங்களில் தொட்டிதான் வினையே.

தண்ணீர்மலைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள தாவரவியல் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸின் பொறுப்பில் தொடங்கப்பட்ட இடம் அது. சுற்றிலும் மலைக்காடு, காடு நிறையக் குரங்குகள். நாசி லெமாக் பொட்டலத்தின் வாசனை வந்தால் போதும், சாதாரண மூடியெல்லாம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படி நம் சாப்பாட்டுக்குப் பழகிய குரங்குக்கு மனிதர் மேலுள்ள பயம் போய்விடும். பிள்ளை கையிலுள்ள பிஸ்கட்டைப் பறிக்கும், கொடுக்காவிட்டால் கடிக்கும். பிறகு குரங்கைப் பிடிக்கச் சொல்லி நாமே புகார் கொடுப்போம்!

அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் இதே தொல்லை கரடிகளால் வந்தது. அங்கே கரடியால் திறக்க முடியாத தாழ்ப்பாள் தொட்டிகளை வைத்தார்கள். நமக்கும் தாழ்ப்பாள் வேண்டும். நடைபாதை நெடுக வைக்காமல், லாரி வந்து அள்ளக்கூடிய நுழைவாயில் பக்கம் வைத்தால் போதும்.

அதைவிட முக்கியம், அள்ளும் நேரம். என் வீட்டருகே ஒரு பூங்காவுக்குக் குப்பை லாரி காலையில்தான் வரும். ஞாயிறு மாலை குடும்பங்கள் விட்டுச்சென்ற சோறும் கோழி எலும்பும் இரவு முழுக்க அங்கேயே கிடக்கும். இரவில் எலி, விடிந்ததும் குரங்கு. இருட்டுமுன் ஒருமுறை அள்ளினால் பாதித் தொல்லை தீரும். புல்லில் உருளும் நெகிழிக் குவளைகளையும் அப்போதே பொறுக்கிவிடலாம். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதுமே.

இலைச் சருகு வேறு கதை. அது அங்கேயே மக்கி உரமாக வேண்டியது. சோற்றுப் பொட்டலத்தோடு கலந்துவிட்டால், தீவின் மற்றக் குப்பையோடு பத்து மாவுங் போய், அங்கிருந்து பெருநிலத்துப் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பற்றி வாரக்கணக்கில் புகைந்ததே, அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும்படி 2016 முதல் நமக்குச் சொல்லும் மாநிலம், பூங்காவிலும் அதைச் செய்யலாம்.

ஆள் இல்லை, பணம் இல்லை என்பார்கள். தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்கள். சாலை நிறைய உடைத்த தேங்காயை, அடுத்த கூட்டம் வருவதற்குள் அள்ளி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கூட்டம் எப்போது வரும், எங்கே நிற்கும், எப்போது கலையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதால்தான் அது முடிகிறது. பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கணிப்பது அதைவிடச் சுலபம்.

உங்கள் பகுதிப் பூங்காவில் ஞாயிறு மாலை எத்தனை மணிக்குக் குப்பை அள்ளுகிறார்கள்? விசாரித்து எனக்கு எழுதுங்கள்.