ஐயாயிரம் வருடம் என்று நான்தான் சொன்னேன்

இலண்டன் அரங்கேற்ற மேடைகளில் அறிவிப்பாளராக நிற்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஹெய்ஸ், ரூயிஸ்லிப், ஹாரோ என்று சனிக்கிழமை மாலைகளில் மண்டபம் மண்டபமாகப் போயிருக்கிறேன். குத்துவிளக்கு ஏற்றி, நடராசர் சிலைக்குப் பூப் போட்டு, திரை விலகும்போது ஒலிவாங்கியில் நான் சொல்லும் முதல் வாக்கியம் மாறியதே இல்லை: ஐயாயிரம் வருடப் பழமைவாய்ந்த எங்கள் தெய்வீகக் கலை. யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழுசியிருப்பேன்.

போன வருடம் ஒரு குடும்பம் தங்கள் மகளின் அரங்கேற்ற மலருக்கு என்னிடம் முன்னுரை கேட்டது. வழக்கமான வாழ்த்தோடு ஒரு பந்தி கூடுதலாக எழுதினேன். 1838ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஸ்ட்ராண்ட் வீதியில் உள்ள அடெல்ஃபி தியேற்றரில், இந்த ஆட்டத்தின் முன்னோடியை இலண்டன் பார்த்தது. ஆடியவர்கள் புதுச்சேரிக்கு அருகே திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள். ஆட ஐந்து பேர், அவர்களில் ஒருத்தி சின்னஞ்சிறுமி. கூட வாத்தியக்காரர் மூன்று பேர். பாரிஸில் ஆடிவிட்டு இங்கே வந்தார்கள். அம்மணி என்பவளைப் பற்றித் தியோஃபில் கோத்தியே உருகி உருகி எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். தியேற்றர் கட்டிடம் பிறகு மாறிவிட்டது, பெயர் அதேதான். கவென்ற் கார்டன் பக்கம் போகிற எவரும் அதன் வாசலைக் கடந்திருப்பார்கள்.

மலர் அச்சாகி வந்தது. பந்தியைக் காணோம். பிள்ளையின் தகப்பன் மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணை, குறை நினையாதேங்கோ. நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணும். உந்தக் கதையளை மலரில போட்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் மறைத்துப் பேசவில்லை. மற்றவர்கள் 'தெய்வீகம்' என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்திருப்பதை வெளியே எடுத்து வைத்தார். எங்களுக்கு ஆட்டம் வேண்டும், ஆடியவள் வேண்டாம்.

அரங்கேற்றம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையின் நாயகி மாதவி. பன்னிரண்டு வயதில் சோழன் முன் ஆடிய கணிகையர் குலத்துப் பெண். மேடையில் அந்தக் காதையைப் பெருமையாகக் குறிப்பிடுவோம், குலத்தை மட்டும் விழுங்கிவிடுவோம். இராசராச சோழனுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, இன்ன கோயிலிலிருந்து வந்தவள், இன்ன தெருவில் இத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டி வைத்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்லில் இருக்கும் இடம், பளபளக்கும் தாளில் அச்சிட்ட எங்கள் மலர்களில் இல்லை.

வயதுக் கணக்கும் அப்படித்தான். இன்று பிள்ளைகள் ஆடும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைத் திருத்தி அமைத்தவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அவர்களுடைய காலத்துக்கும் அம்மணி அடெல்ஃபியில் ஆடியதற்கும் அதிக இடைவெளி இல்லை. 'பரதநாட்டியம்' என்ற பெயர் சதிருக்கு நிலைத்தது 1930களில். இருநூறு வருடம் என்பது வெட்கப்பட வேண்டிய வயதா? ஐயாயிரம் என்று நீட்டும்போது நடுவில் இருந்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகிறார்கள். அந்த எண்ணின் வேலையே அதுதான்.

அந்த முப்பதுகளைப் பற்றிப் பிள்ளைகள் படிப்பது ஒரே ஒரு வரி: சீரழிந்து கிடந்த கலையை ருக்மிணி தேவி மீட்டார். அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அடையாறில் ஆடியதும், 1936இல் கலாஷேத்திரத்தைத் தொடங்கியதும் உண்மை. அவருடைய உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் யாரிடமிருந்து மீட்டார்? கற்றுக்கொடுத்தவரே அந்தச் சமூகத்தவர் அல்லவா? 1931இல் சென்னை மியூசிக் அக்கடமி மேடையில் ஆடிய கல்யாணியின் மகள்மார் எந்தச் சீரழிவில் சேர்த்தி? அதே தலைமுறையில் பாலசரஸ்வதி ஆடிக்கொண்டிருந்தார். சிருங்காரத்தைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை, அதுவே இந்த ஆட்டத்தின் உச்சம் என்று 1975இல் தமிழ் இசைச் சங்கத் தலைமையுரையில் வாதிட்டார். 1963இல் எடின்பரோ விழாவில் ஆடியவர் அவர். இந்த நாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சட்டத்தின் கதையும் நேர்கோடு அல்ல. முத்துலட்சுமி ரெட்டியின் தாய் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். பொட்டுக்கட்டை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். பெங்களூர் நாகரத்தினம்மா போன்றோர் எதிர்ப்பக்கம் நின்றனர். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது ஒழிந்தது நல்லது; அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அதோடு நிற்காமல், கோயில் வளாகத்தில் பெண் ஆடுவதையும் தடை செய்தது. 1981 முதல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. இங்கே இலண்டனில் நவராத்திரிக்குக் கோயில் கோயிலாகப் பிள்ளைகளை ஆடவிடுகிறோம். ஆட்டம் கோயிலுக்குத் திரும்பிவிட்டது, பரம்பரையாக ஆடிய குடும்பங்கள் திரும்பவில்லை.

இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, எங்களுக்கு என்ன என்று யாழ்ப்பாணத்தார் சிலர் கேட்பார்கள். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகியை எங்களுக்கு எதனால் தெரியும்? நட்டுவச் சுப்பையனார் பாடிய 'கனகி புராணம்' என்ற அங்கதத்தால். அவளிடம் போன பெரிய மனிதர்களை நக்கலடித்த நூல் என்று ரசிக்கிறோம். அவள் எப்படி ஆடினாள், யாரிடம் கற்றாள் என்று எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 'சின்னமேளம்' என்ற சொல் ஆட்டக் குழுவின் பெயர். எங்கள் வாயில் அது வசையாகிவிட்டது. இலண்டனில் கலியாணப் பேச்சுகளில் அந்தச் சொல் குரல் தாழ்த்திச் சொல்லப்படுவதைக் காதாலே கேட்டிருக்கிறேன். அதே வீட்டு வரவேற்பறையில் மகள் சலங்கையோடு நிற்கும் படம் ஆளுயரத்துக்குத் தொங்கும்.

எனக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றைத்தான் நான் பாரமாக எடுக்கிறேன். "ஊரும் போச்சு, வீடும் போச்சு. பிள்ளையிட்ட கொடுக்க மிஞ்சினது பாஷையும் இந்த ஆட்டமும்தான். அதையும் நோண்டிக் கெடுக்கிறீங்களோ?" என்று ஒரு ரீச்சர் கேட்டார். இருட்டு வேலை முடித்துவந்து பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிப்போன தாய்மாரை நானும் அறிவேன். ஆனால் எங்கள் வரலாற்றை இன்னொருவர் அழித்து எழுதுகிறார் என்று பாராளுமன்ற வாசலில் கொடி பிடித்தவர்கள் நாங்கள். பெயர்களை அழிப்பது என்னவென்று எங்களுக்குப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இது பாரம் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அபிநய தர்ப்பணத்தின் சுலோகங்களைப் பொருள் தெரியாமல் ஒப்புவிக்கிற பதினாறு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் அடிமை வியாபாரத்தையும் ஹிட்லரையும் படித்துக் கட்டுரை எழுதுகிறாள். அவளுக்குத் தாங்கும். தாங்காதது எங்களுக்கு. ஷோபனா ஜெயசிங் 2015இல் 'பயதேர்: த நைந்த் லைஃப்' என்று இதே 1838 பயணத்தைத் தொட்டு, றோயல் ஒப்பெரா ஹவுஸின் லின்பரி அரங்கில் ஒரு படைப்பை மேடையேற்றினார். சென்னையில் நிருத்யா பிள்ளை, தான் அந்த மரபில் வந்தவள் என்று சொல்லியே ஆடுகிறார், எழுதுகிறார். டவேஷ் சொனேஜி 2012இல் புத்தகமே போட்டிருக்கிறார். எல்லாம் திறந்து கிடக்கிறது. எங்கள் வகுப்புகளில்தான் கதவு சாத்தியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. தேர்வில் முத்திரைகளின் பெயர் கேட்கும் இடத்தில், இந்த வர்ணத்தை முதலில் யார் ஆடினார்கள், யாருக்காக என்று ஒரு கேள்வி. மலரில் குருவின் பெயருக்கு மேலே அவருடைய குரு, அவருக்கு மேலே இன்னொருவர் என்று நட்டுவனார் வீடுவரை போகும் ஒரு பட்டியல். ஐயாயிரத்தை விட்டுவிடுவது.

அரங்கேற்றம் முடிந்து மூன்று கிழமைக்குப் பின் அந்தப் பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தாள். வெட்டிய பந்தி தனக்கு வேண்டும் என்றாள். அனுப்பினேன். அன்றிரவே இன்னொரு செய்தி: "அங்கிள், அந்தச் சின்னப் பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போனவவோ?" பதில் தேடுவதாக எழுதினேன்.

வருகிற மாதம் இன்னொரு அரங்கேற்றம். நான் பேசப்போவதை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள், இப்போதெல்லாம் கேட்கிறார்கள். திருவந்திபுரத்தில் தொடங்கி எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.