ஈரலைத் தட்டிப் பார்க்கும் யந்திரம்

ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "என் பெண்ணுக்கு 22 வயது. ஒரு மாதமாகக் காமாலை. 'ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ்' என்கிறார்கள். யந்திரத்தில் பார்த்ததில் 14 என்று வந்தது. 5 இருந்தால்தான் சரியாம். அவள் ஈரல் கல்லாகிவிட்டதா? இப்போது ஊசியால் ஈரலில் துணுக்கு வேறு எடுக்க வேண்டுமாம். யந்திரம் இருக்கும்போது ஊசி எதற்கு?"

அம்மா, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அந்த 14-க்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம்.

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படையே ஈரலை அந்நியனாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த வியாதி. வேலியே பயிரை மேய்ந்த கதை! ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. தாக்குதல் நீடித்தால் புண்பட்ட இடங்களில் தழும்பு விழும். தழும்பு மிகுந்து ஈரல் முடிச்சு முடிச்சாக மாறினால் அதுதான் 'ஸிரோஸிஸ்'.

தழும்பு எவ்வளவு என்பதை ஊசியில்லாமல் அறிய முடியுமா? தர்பூசணிக்காரர் பழத்தை அறுக்காமலே தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார் அல்லவா? 2003-ல் பாரிஸில் வெளிவந்த 'ஃபைப்ரோஸ்கான்' யந்திரமும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டால், விலா எலும்புகளின் இடையே லேசாகத் தட்டுகிறது. அந்த அதிர்வு மிருதுவான ஈரலில் மெதுவாகவும், இறுகிய ஈரலில் வேகமாகவும் ஓடும். பத்துத் தடவை அளந்து நடு எண்ணைக் 'கிலோபாஸ்கல்' கணக்கில் சொல்கிறார்கள். வலி கிடையாது, சில நிமிஷ வேலை. ஆனால் வயிற்றில் 3 மணி நேரமாவது ஆகாரம் இருக்கக் கூடாது. சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து எண் ஏறிவிடும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையில் கட்டி வந்தால் வீங்கியிருக்கும்போதும் தொட்டால் கெட்டியாக இருக்கிறது. ஆறித் தழும்பான பிறகும் கெட்டியாக இருக்கிறது. யந்திரத்துக்குக் கெட்டி என்பது மட்டுமே தெரியும். வீக்கமா தழும்பா என்பது தெரியாது. உங்கள் பெண்ணின் ஈரல் இப்போது வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்த 14-ல் பெரும் பகுதி வீக்கமாகவே இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக் கணக்குக்கும் இதே சங்கடம்தான். 'ஃபிப்-4' என்று ஒன்று உண்டு. வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை (ஆயிரக் கணக்கில்) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த தொகையால் முன்னதை வகுக்க வேண்டும். 40 வயது அம்மாள் ஒருவருக்கு இரண்டும் 400, தட்டணு 200 என்று வைத்துக்கொள்வோம். விடை 4, பயப்பட வேண்டிய எண்தான். மருந்தில் இரண்டும் 25-க்கு இறங்கினால் விடை 1! தழும்பு அப்படியே இருக்க, தணிந்தது வீக்கம் மட்டுமே. வயதும் இதில் சேர்வதால் உங்கள் பெண் போன்ற இளவயதினருக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்துவதில்லை.

அப்படியானால் எப்போது நம்புவது? ஹாம்பர்க் நகர வைத்தியர்கள் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. சிகிச்சையின் முதல் மாதங்களில் யந்திரத்தின் எண் வீக்கத்தையே காட்டியது. 6 மாதம் கடந்தவர்களிடம் தழும்பை நன்றாகக் காட்டியது. ஆகவே மருந்து சாப்பிட்டு, ரத்த அளவுகள் இறங்கிய பிறகு எடுக்கும் எண்தான் உங்கள் பெண்ணின் உண்மையான எண்.

ஊசி எதற்கு என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. யந்திரம் கெட்டியை அளக்கும். இன்ன வியாதி என்று சொல்லாது. பல வருஷம் மருந்து கொடுப்பதற்கு முன் அதை நிச்சயம் செய்துகொள்ளவே டாக்டர் துணுக்குக் கேட்கிறார். ஊசியில் வருவது ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ரத்தக் கசிவு அபாயம் சிறிது உண்டு. அதனால்தான் பரிசோதித்துவிட்டுச் செய்கிறார்கள். அடிக்கடி ஊசி குத்தாமல் பிற்காலத்தில் கவனித்துவரத்தான் யந்திரம்.

இன்னும் ஒன்று. பிரெட்னிசோலோனும் அஸதையோப்ரினும் தொடங்கிச் சில வாரங்களில் பெண் தெளிந்துவிடலாம். "உடம்புதான் சரியாகிவிட்டதே!" என்று நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உள்ளே நெருப்பு மறுபடி மூளும். தழும்பு விழுவது அப்போதுதான். மாறாக, வீக்கம் முழுதும் அடங்கியிருந்தால் விழுந்த தழும்புகூடக் குறைவதுண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யந்திர எண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் தேதியையும், அன்றைய ஏ.எல்.டி.யையும் எழுதி வையுங்கள். முதல் பக்கத்து 14-ஐப் பார்த்து அழ வேண்டாம். ஆறு மாதம் கழித்து எழுதப்போகும் எண்ணுக்காகக் காத்திருங்கள்.